சீமாட்டியின் கயிறு

தங்கையா காம்பவுண்டில் எட்டு வீடுகள், ஒரு குழாய், ஒரு துணிக்கொடி. அந்தக் குழாய்க்கும் கொடிக்கும் வாசல் தெளிக்கிற தண்ணீருக்கும் பன்னிரண்டு வருடமாக ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஏழு வீட்டுக்காரர்கள் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்றால், அது என் ஆட்டை விரட்டுவதில்தான். எட்டாவது வீட்டுக்காரி நான். கதவிலக்கம் ஐந்து, பெயர் செல்லக்கனி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. இதைப் பொறுமையாகச் சொல்ல என்னால் ஆகாது. பொறுமை இருந்த காலத்தில்தான் ஆட்டைக் கொடுத்துத் தொலைத்தேன்.

என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் செத்துப்போன வருடம் அவள் வந்தாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றுப் பக்கம் தாய் செத்துக் கிடக்க, எழுந்து நிற்கக்கூடத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்த குட்டியை முந்தியில் சுற்றி எடுத்து வந்து, புட்டிப்பால் கொடுத்து, என் கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து வளர்த்தேன். அழுக்குச் சட்டியில் வைத்த தண்ணீரைத் தொடமாட்டாள், மழை பெய்து தேங்கிய இடத்தில் கால் வைக்கமாட்டாள், யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பாமல் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்புவாள். அதனால் சீமாட்டி என்று பெயர் வைத்தேன். இரண்டு ஈற்று ஈன்று, குட்டிகள் வளர்ந்து போன பிறகும், காலையில் ஆறு மணிக்கு எட்டு டம்ளர், சாயங்காலம் ஐந்து மணிக்கு எட்டு டம்ளர் என்று தவறாமல் கறந்தாள். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மனிதர்களில் அந்த அளவுக்கு எனக்கு யாரையும் பிடித்ததில்லை, என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காம்பவுண்டுக்காரர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. புழுக்கை போடுகிறாள், நாறுகிறாள், விடிகிற நேரத்தில் கத்துகிறாள், இரண்டாம் நம்பர் இந்திராவின் பட்டுச்சேலை கொடியில் காய்ந்தபோது முந்தியைத் தின்றுவிட்டாள் என்று ஆளுக்கொரு குற்றப்பத்திரிகை வைத்திருந்தார்கள். முந்தியைத் தின்றது உண்மை. அதற்கு நான் வேறு சேலை எடுத்துக் கொடுத்தேன், அதை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இந்திரா மனு எழுதினாள். அவள் எழுத்து அச்சுப்போல் இருக்கும். ஏழு வீட்டுக் கையெழுத்து. ஏழாவது கையெழுத்து ரூத்மேரி போட்டது, பத்து மாதக் குழந்தைக்காரி. சீமாட்டி கத்துவதால் பிள்ளைக்குத் தூக்கம் கெடுகிறதாம். வீட்டுச் சொந்தக்காரர் தங்கையா அண்ணாச்சி மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆடா வீடா என்று நீயே முடிவு செய்துகொள் என்றார். ஒரு மாதம் வேறு வீடு தேடினேன். ஆட்டோடு வருகிறேன் என்றதும் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள்.

புளியடிக்குளத்தில் சுடலைக்கண்ணு என்று ஒருவர், பன்னிரண்டு ஆடு வைத்திருக்கிறவர், எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி வழியாகக் கேள்விப்பட்டு வந்தார். கறவை ஆடு வேண்டும், நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், கறிக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொன்னார். புதுக்கயிறு கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்: ஆடோ மாடோ கைமாறும்போது பழைய கயிற்றைக் கொடுக்கமாட்டோம். கொண்டுபோகிறவர் தன் கயிற்றைப் போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும், பழைய கயிறு வளர்த்த வீட்டிலேயே உத்தரத்தில் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு லட்சுமியும் கயிற்றோடு போய்விடுவாள். நானும் கழற்றி வைத்துக்கொண்டேன். ஆனால் என் வீட்டில் உத்தரம் ஏது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவரில் ஆணி அடிக்கத் தங்கையா அண்ணாச்சி விடமாட்டார், காலண்டர் மாட்டக்கூட ஒட்டுகிற கொக்கிதான். கயிற்றைத் தரையில் போடவும் மனசில்லை. ஆகவே வாசலுக்கு நேரே நிற்கிற குழாயின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு என் உடம்பு எனக்குச் சொன்னபடி கேட்கவில்லை. ஐந்தரைக்கு முழிப்புத் தட்டும், கை தானாகச் சொம்பைத் தேடும், பள்ளிக்கூடத்தில் கத்தரிக்காய்க் காம்பையும் முட்டைக்கோஸ் இலையையும் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுவாசல் வரை வந்த பிறகுதான் நினைவு வந்து சாக்கடையோரம் கொட்டுவேன். கட்டிலுக்கு அடியில் அவள் மூச்சுவிடுகிற சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்திரா வாசலில் உட்கார்ந்து, இப்போதுதான் காற்றே காற்றாக இருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு இந்திரா குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தபோது பால் வந்தது. வெதுவெதுப்பாக, நுரையோடு, எட்டு டம்ளர் அளவுக்கு வந்து நின்று, அதற்குப் பிறகு தண்ணீர் வந்தது. இந்திரா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு என் கதவைப் பார்த்து, “ஏ செல்லக்கனி, உன் ஆடு போயும் அது நாத்தம் போவல பாரு” என்று கத்தினாள். குழாயில் எப்படிப் பால் வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குடத்தைப் புளி போட்டு யார் விளக்குவது என்றுதான் கேட்டார்கள். அன்று காலைப் பாலும் சாயங்காலப் பாலும் சாக்கடையில் போயிற்று, அதன் வழியாக எறும்பு வரிசை வைத்து வந்தது, எறும்புக்கும் என்னையே திட்டினார்கள்.

நான்காம் நாள் குழாய் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வாஷரை மாற்றினார், மறுபடி பால் வந்தது, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துவிட்டு, ஆட்டுப்பால்தான், தண்ணீர் கலக்கவில்லை என்று சான்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். புகார்ப் புத்தகத்தில் தண்ணீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது, கசிகிறது என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன, பாலுக்குக் கட்டம் இல்லை என்று யோசித்துவிட்டுக் கசிகிறது என்பதில் ஒரு டிக் போட்டுக்கொண்டு கிளம்பினார். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எங்கள் தெருவுக்கு வரும். தண்ணீர் வராத நாளிலும் பால் வந்தது.

காம்பவுண்டில் முதலில் குடித்தது ரூத்மேரியின் பிள்ளை. எந்தப் பாலும் சேராமல், வயிற்றால் போய்ப் போய், குச்சிக்கு உடுப்பு மாட்டியதுபோல் இருந்த பிள்ளை. ரூத்மேரி யாருக்கும் தெரியாமல் ஒரு டம்ளர் பிடித்துக் காய்ச்சிக் கொடுத்தாள், மறுநாளும் கொடுத்தாள், ஒரே வாரத்தில் பிள்ளை கன்னம் வைத்துத் தொடை வைத்து யாரைப் பார்த்தாலும் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்ததும் ஏழு வீடும் டம்ளரோடு வந்து நின்றன. நாற்றம் என்று மூக்கைப் பொத்தியவர்களே காபியில் அது ஒரு தனி மணம் என்றார்கள். சீமாட்டி இருந்தபோது பாலை நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய நாலாம் நம்பர்க்காரர், இந்தப் பால் சளிக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, நினைவாற்றலுக்கு நல்லது என்று எனக்கே பாடம் நடத்தினார்.

இந்திரா ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டினாள். வீட்டுக்கு ஒரு டம்ளர், கதவிலக்கப்படி முறை, முறை தவறினால் அன்றைக்குக் கிடையாது. முறை என்றால் இந்திராவுக்கு உயிர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் புதிதாகக் குடிவந்தபோது, கடைக்குட்டி பிறந்த மறுமாதம், அவள் குடத்தைத் தள்ளிவிட்டு ஆறு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்களாம். அன்றிலிருந்து அந்தக் குழாயில் அவள் சொல்வதுதான் சட்டம். குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்ததும் அவள்தான். கயிற்றுக்கும் சேர்த்தே பூசினாள், அந்தக் கயிற்றை அவிழ்த்தால் பால் நின்றுவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் குழாயில் பால் வருகிற வீடு என்று கேட்டதும் அவள் மகளை அங்கேயே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தங்கையா அண்ணாச்சியின் மனைவி, எங்கள் முற்றத்தில் செருப்போடுகூடக் கால் வைக்காத மகராசி, ஒரு பெரிய டம்ளரோடு வந்து ஒன்பதாவது பங்கு கேட்டாள். என் பங்கை அவளுக்குக் கொடுத்தார்கள், ஏனென்றால் நான் வாங்கப் போகவில்லை.

நான் எப்படி வாங்குவேன். என் பிள்ளையை விரட்டிவிட்டு அதன் பாலைக் குடிக்கிற கூட்டத்தில் டம்ளரை நீட்டிக்கொண்டு ஐந்தாவது ஆளாக நிற்கவா. பொறாமைக்காரி என்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பாலில்லாத கட்டங்காப்பி குடித்தேன். அவர்கள் ஒவ்வொருவரும் குடிக்கிற சத்தம் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது, தனித்தனியாக ஒவ்வொருவரையும் வெறுத்தேன்.

ஒரு மாதம் பொறுத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியடிக்குளம் போனேன். கொட்டிலில் பன்னிரண்டு ஆட்டுக்கு அப்பால் தனியாக நின்றாள். என்னைப் பார்த்ததும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்புகிற தன் வழக்கத்தை விட்டுவிட்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடி வந்து என் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டாள். மடி வற்றிச் சுருங்கியிருந்தது. எலும்பை எண்ணலாம். சுடலைக்கண்ணு என்னை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“ஏமாத்திட்டியளே அக்கா” என்றார். “மூணாவது நாளோட மடி வத்திருச்சு. தீவனம் தின்னுது, ஒடம்புலயும் ஒட்டல, மடியிலயும் இறங்கல. கயித்த எங்க கட்டி வச்சிருக்கிய?”

சொன்னேன். குழாயில் பால் வருவதையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை, கோபம்தான் பட்டார். உத்தரத்தில் தொங்கவிடுகிற கயிற்றில் அதிர்ஷ்டம் மட்டும் தங்கும், வாயுள்ள ஒன்றில் கட்டினால் பாலும் சேர்ந்து தங்கிவிடும், இதுகூடத் தெரியாமல் ஆடு வளர்த்தீர்களா என்று வைதார். அவர் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வருகிற வெள்ளிக்கிழமை. அம்மனுக்குக் கிடா வெட்டுவார்கள், விருந்தாட்களுக்குக் கறி போதாது, அன்று மதியம் கறிக்கடைக்காரர் வந்து வற்றின ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போவார். சீமாட்டியும் அதில் ஒன்று. கறிக்குக் கொடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தீர்களே என்றேன். கறவை ஆடு என்று நீங்களும்தான் வாக்குக் கொடுத்தீர்கள் என்றார்.

“கயித்தக் கொண்டாந்து என் கையில குடுங்க, பால் இறங்கிரும், நான் அவள விடமாட்டேன்” என்றார். “ஆனா ஒண்ணு. கயிறு கைமாறிட்டுன்னா அவளுக்கு நீங்க யாருன்னே தெரியாது. அதுக்குப் பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது.”

வீட்டுக்கு வந்து நான் செய்தது ஒரு மடத்தனம். நேராகப் போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, ஐந்து மணிப் பாலுக்கு எல்லாரும் கூடியிருந்த நேரத்தில் போய் நின்று அனுமதி கேட்டேன். ஒன்று ஆட்டைத் திரும்பக் கூட்டிவர விடுங்கள், இல்லை கயிற்றை எடுத்துப்போக விடுங்கள், இரண்டுமில்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அவளைக் கொன்றுவிடுவார்கள் என்றேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் கேட்டார்கள். கேட்டு முடிகிற வரைக்கும் குடிப்பதை நிறுத்தவில்லை.

தங்கையா அண்ணாச்சி ஆடு உள்ளே வரக்கூடாது என்றார். நாலாம் நம்பர்க்காரர் ஆடு என்பது ஒருநாள் சாகத்தான் போகிறது என்றார். இந்திரா, ஆடு உன்னுடையதுதான், மறுக்கவில்லை, ஆனால் குழாய் பொது, பொதுக் குழாயில் கட்டின கயிறும் பொது என்று தீர்ப்புச் சொன்னாள். அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயதாம்பூலம், அவள் பாயசத்துக்கு அந்தப் பாலை நம்பியிருந்தாள். ரூத்மேரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எக்கா, எம்பிள்ள இதக் குடிச்சித்தான் உசுரோட இருக்கு” என்றாள். “ஆட்ட நெனைக்கிய. இவன நெனைக்க மாட்டியளா?”

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. சீமாட்டியின் பாலில் வந்த கன்னம், சீமாட்டியின் பாலில் வந்த சிரிப்பு. ஒரு நிமிடம் அந்தப் பிள்ளையையும் வெறுத்தேன். சொல்லக்கூடாதுதான், ஆனால் இதில் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது.

அன்று சாயங்காலமே குழாயடியில் ஒரு நாற்காலி வந்தது. கயிற்றுக்குக் காவல். நாளைக்கு ஒரு வீடு, கதவிலக்கப்படி முறை, திங்கட்கிழமை ஒன்றாம் நம்பரில் ஆரம்பம் என்று இந்திரா புதுத்தாள் எழுதி ஒட்டினாள், எட்டு வீடும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள், நானும் போட்டேன். போடும்போது விரலை விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன். ஐந்தாம் நம்பருக்கு வெள்ளிக்கிழமை வந்தது.

மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்க வியாழக்கிழமை ஆயிற்று. மற்ற ஆறு வீடும் இந்திராவின் வாசலில் கூடி, செல்லக்கனி முறையைத் தாண்டி ஆறாம் நம்பரை உட்காரவை என்று சத்தம் போட்டார்கள். ரூத்மேரி அழுதாள். இந்திரா மறுத்துவிட்டாள். ஒரு வீட்டைத் தாண்டினால் நாளைக்கு எந்த வீட்டை வேண்டுமானாலும் தாண்டலாம், பன்னிரண்டு வருடத்தில் இந்தக் குழாயில் ஒருத்தர் முறையையும் தாண்டவிட்டதில்லை, விரோதியாக இருந்தாலும் முறை முறைதான் என்று ஆறு வீட்டையும் எதிர்த்து நின்றாள். என் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காம்பவுண்டில் யோக்கியமான ஆள் அவள் ஒருத்திதான், அதனாலேயே அவளை எனக்கு அதிகமாகப் பிடிக்காது. காவலுக்குச் செல்லக்கனி உட்காரட்டும், அவளுக்குக் காவலாக நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்று முடித்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இந்திரா தன் வீட்டு ஸ்டூலைப் போட்டு முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு எட்டு டம்ளர்களும் வரிசையில் வந்தன. முதல் டம்ளர் நிறைந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான் எழுந்து முடிச்சில் கை வைத்தேன்.

இந்திரா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பிடி இரும்பு. ஏழு வீட்டு ஆட்களும் சுற்றி நின்றார்கள், ஆனால் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. பிறரைத் தொட்டுச் சண்டை போடுகிற வேலையை எப்போதுமே அவளிடம்தான் விட்டிருந்தார்கள்.

“நீ அத அவுத்தன்னா இந்தக் காம்பவுண்டுல உனக்குன்னு ஒரு மனுசி கிடையாது, பாத்துக்கோ” என்றாள்.

“இப்ப மட்டும் இருக்காவளா?” என்றேன்.

அவள் பிடியை விடவில்லை. குழாயில் பால் ஓடிக்கொண்டே இருந்தது, டம்ளர்கள் நகர்ந்துகொண்டே இருந்தன, இவ்வளவு அமளியிலும் முறைப்படிதான் நகர்ந்தன. நான், இன்று இது என் முறை, இன்று இந்தக் கயிற்றுக்கு நான்தான் பொறுப்பு என்று நீதான் எழுதி ஒட்டியிருக்கிறாய், என்மேல் கை வைத்தால் உன் தாளை நீயே கிழித்தது மாதிரி என்றேன். இந்திரா சுவரைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்து, கண் நிறைந்து, உதடு துடித்தது, கடைசியில் மணிக்கட்டை விட்டுவிட்டு என் காலடியில் காறித் துப்பினாள். துப்பட்டும்.

ஏழாவதாக ரூத்மேரியின் டம்ளர் வந்தது. அது நிறைகிற வரைக்கும் முடிச்சைத் தொடாமல் நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை, அந்தப் பிள்ளைமேல் பாசம் ஒன்றும் வந்துவிடவில்லை. நிறைந்ததும் அவிழ்த்தேன். எட்டாவது டம்ளரில், தங்கையா அண்ணாச்சி மனைவியின் பெரிய டம்ளரில், பால் வெளுத்து, வெளுத்து, தண்ணீராகி, அதுவும் நின்று காற்று வந்தது. கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து என்னென்ன சொன்னார்கள் என்பதை எழுத முடியாது. தண்ணீர் பிடிக்கிற வாளி ஒன்று பறந்து வந்து முதுகில் பட்டது, யார் வீட்டு வாளி என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

புளியடிக்குளத்தில் கொடைக்கு மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கறிக்கடைக்காரரின் வண்டி கொட்டிலுக்கு முன்னால் நின்றது, இரண்டு ஆடுகளை ஏற்றியிருந்தார்கள், சீமாட்டி மூன்றாவதாகக் காத்திருந்தாள். சுடலைக்கண்ணு என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு, அவளை விட்டுவிடச் சொல்லி வண்டிக்காரருக்குக் கையைக் காட்டினார்.

“ஒருக்கா கூப்பிட்டுக்கிடுங்க அக்கா” என்றார். “பொறவு வராது.”

கூப்பிட்டேன். வந்தாள். வழக்கம்போல் வயிற்றில் தலையை வைத்தாள், நான் அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டேன், அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே அவளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்காவது ஓடிவிடலாமா என்று நினைத்தேன். எங்கே ஓடுவது, ஆட்டோடு வருகிறவளுக்கு யார் வீடு கொடுப்பார்கள். ஒரு கையால் அவளைச் சொறிந்தபடி மறுகையால் கயிற்றை நீட்டினேன், சுடலைக்கண்ணு வாங்கி, புதுக்கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு, பழையதை அவள் கழுத்தில் கட்டினார்.

முடிச்சு இறுகியதும் மடி நிறைய ஆரம்பித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறைந்து, காம்பு விறைத்து, தரையில் சொட்டியது. சீமாட்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். தன் காதருகில் யாரோ ஒரு பொம்பளையின் கை இருப்பதைப் பார்த்தாள். இரண்டு எட்டுப் பின்னால் போய், தலையைக் குனிந்து, நேராக வந்து என் இடுப்பில் முட்டினாள். எதிர்பாராததால் நான் மல்லாந்து விழுந்தேன். சுடலைக்கண்ணுவின் மனைவி ஓடி வந்து தூக்கிவிட்டு, புது ஆளைக் கண்டால் இந்த ஆடு முட்டும்போல, கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள் என்றாள். அந்த அம்மாளுக்கு நான் யார் என்று தெரியாது. அங்கேயே புழுதியில் உட்கார்ந்து மேளச் சத்தத்துக்கு மேலாகச் சத்தம் போட்டு அழுதேன், கொடைக்கு வந்தவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்கள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. காம்பவுண்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை. இந்திரா மகளின் நிச்சயதாம்பூலத்துக்குக் கடைப்பாலில் பாயசம் வைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஏமாந்ததாக ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு, பிறகு சம்மதித்தார்கள். கல்யாணப் பத்திரிகை ஏழு வீட்டுக்கு வந்தது. ஆனால் குழாயில் என் குடத்தின் முறை வந்தால் இந்திரா மற்றவர்களை விலகச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்கு வழி விடுகிறாள். ரூத்மேரிக்கு மாதம் ஒரு தடவை புளியடிக்குளத்திலிருந்து ஒரு பாட்டில் பால் வாங்கி வந்து வாசலில் வைக்கிறேன். முதல் தடவை என் கண் முன்னாலேயே சாக்கடையில் ஊற்றினாள். இரண்டாம் தடவை பாட்டிலைக் காணவில்லை, மறுநாள் கழுவிக் கவிழ்த்து என் வாசலில் இருந்தது. பிள்ளை சாகவில்லை, இட்லி தின்கிறது, ஆளைக் கண்டால் கடிக்கிறது. நான் அவர்களை மன்னிக்கவில்லை, அவர்களும் என்னை மன்னிக்கவில்லை, இந்த விஷயத்தில் எங்களுக்குள் பாக்கி எதுவும் இல்லை.

புளியடிக்குளம் போகும்போதெல்லாம் சுடலைக்கண்ணு தள்ளி நில்லுங்கள் என்றுதான் சொல்கிறார். நான் நிற்பதில்லை. கொட்டிலுக்குள் போய் அவளுக்கு எதிரில் நிற்பேன், அவள் யாரிவள் என்று ஒரு பார்வை பார்ப்பாள், இரண்டு எட்டுப் பின்னால் போவாள். கண்ணை மூடிக்கொள்வேன். ஆரம்பத்தில் அவளிடம் சதை இல்லை, முட்டினால் எலும்புதான் குத்தும், ஒரு அடி தள்ளாடிவிட்டு நின்றுவிடுவேன். போன மாதம் முட்டியதில் கதவுவரை போய் விழுந்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. நல்ல பலமாகத்தான் இருக்கிறாள்.